துல்மாவின் நீலப் பெட்டி

சோய்ஜில் அண்ணன் செத்த மூன்றாம் நாளே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அவர் கையால் செய்த சாமானே அவரைக் கொன்றது என்று. ஷார்புலாக்கில் வீடும் கூடாரமும் சேர்த்து எண்ணினால் முந்நூறு தேறாது. ஆனால் தீர்ப்பு சொல்ல வாய் மட்டும் மூவாயிரம் இருக்கிறது. தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எல்லா வாயும் ஒரு தடவையாவது என் ஜன்னலுக்கு வந்து போகும்.

"குப்பையில பொறுக்குன இரும்பு, யாஞ்மா. அதை நம்பி நெஞ்சைக் காட்டிட்டு நின்னா என்ன ஆகும்?" என்றார் மளிகைக் கடை ஜம்பா. "நான் எத்தனை தடவை சொன்னேன், ஒரு நல்ல செட்டு வாங்குய்யான்னு. கேட்டானா?"

ஜம்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் அவர் பெண்டாட்டி துல்மா மதினிதான்.

சோய்ஜில் அண்ணன் பட்டறை என் ஆபீசுக்கு எதிர்ப்புறம். பழைய கண்டெய்னர் சரக்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, முன்னால் தகரம் இறக்கியது. எங்கள் பக்கம் ஓடுவதெல்லாம் ஜப்பானில் பத்து வருஷம் ஓடிக் களைத்து, கப்பலேறி இங்கே வந்து இன்னும் பத்து வருஷம் ஓடுகிற கார்கள். தார் ரோடு ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அதற்கப்புறம் வரிவரியாகத் திரண்ட மண், ஆற்றுக் கல், ஏரிக்கரை உப்பு. இதில் முதலில் போவது வீல் பேரிங். தூரத்தில் கார் வரும்போதே ஊளைச் சத்தம் கேட்கும். சோய்ஜில் அண்ணன் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே, "முன் பக்கம், இடது," என்பார். தப்பாது.

பேரிங்கை அதன் குழியிலிருந்து வெளியே தள்ளுவதும் புதியதை உள்ளே ஏற்றுவதும் சுத்தியல் வேலை இல்லை. அடித்தால் உள்ளே இருக்கும் குண்டுகளில் வடு விழுந்துவிடும், ஒரு மாசத்தில் மறுபடி ஊளையிடும். ஒரு கம்பியைத் திருகித் திருகி, நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். அதற்கென்று கடையில் செட்டு விற்கிறார்கள். சோய்ஜில் அண்ணன் தன் செட்டைத் தானே செய்துகொண்டார். அந்தக் காலத்தில் கூட்டுறவுப் பண்ணையைக் கலைத்தபோது ஊரே ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பங்கு கேட்டு நின்றது. இருபத்தைந்து வயசு சோய்ஜில் மட்டும் உடைந்துபோன கடைசல் மிஷினைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த மிஷினின் திருகுக் கம்பியும் அதில் ஓடும் பித்தளை நட்டும்தான் அவருடைய சாமானுக்கு முதுகெலும்பு. இரண்டு பக்கமும் லாரி இரும்பில் வெட்டிய தட்டு. தள்ளும் வளையத்துக்குப் பழைய பேரிங்கின் வெளி ஓடு. அதையே சாணைக்கல்லில் ஒரு மயிரிழை தேய்த்து வைத்தால், அதே வண்டிக்குப் புதுசைத் தள்ள அச்சு அசலான அளவு. அப்படி எழுபது எண்பது வளையங்கள் கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கின.

மதினிக்கு அந்தச் சாணைக்கல்லைக் கண்டால் ஆகாது. அதிலிருந்து பறந்த தூள் ஒரு தடவை அண்ணன் கண்ணில் ஏறி, மாகாண ஆஸ்பத்திரி வரை போய் எடுத்துவிட்டு வந்தார்கள். பழைய கம்பியில் வெட்டிய திருகு மரை முரட்டு மரை. திருகத் திருக அவருடைய வலது தோள் இறங்கிக்கொண்டே வந்தது. ராத்திரியில் கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று மதினி என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

போன வருஷம் வசந்தத்தில் அவள் தன் நாற்பது ஆட்டையும் தானே வாரி முடி எடுத்தாள். தையல் மிஷின் வாங்கப்போகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த முடி விற்ற காசைத் தலைநகர்ச் சந்தைக் கடை ஒன்றுக்கு அனுப்பிவிட்டாள். ஒன்பது நாள் கழித்து பஸ்ஸில் ஒரு நீலப் பெட்டி வந்தது. நான்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கனம் தாங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

"இனிமே இவருக்கு ஒண்ணும் ஆகாது, யாஞ்மா."

அன்றைக்குச் சாயங்காலம் பட்டறையில் நடந்த சண்டையைத் தபால் ஆபீசில் இருந்தபடியே கேட்டேன். கேட்காமல் இருக்க வேண்டும் என்றால் காதைக் கழற்றி வைக்க வேண்டும்.

"என்ன இது?"

"கண்ணு தெரியலயா? செட்டு. இருபத்தொரு வளையம், நம்பர் போட்டு. கம்பி, நட்டு எல்லாம் உள்ள இருக்கு."

"இருபத்தொண்ணா? இருபத்திரண்டாவது அளவு வண்டி வந்தா என்ன செய்வ? திரும்பிப் போகச் சொல்லுவியா?"

"வந்தா உங்க சுவத்துல எடுத்துக்குங்க. மத்ததுக்கு இதை வெச்சுக்குங்க. அந்தக் கல்லுகிட்டப் போகாம இருந்தா எனக்குப் போதும்."

"இந்த ஊர்ல யாரு வண்டியாவது என் கையில கெட்டுப்போச்சா, சொல்லு பாப்போம்."

"வண்டி கெடல. உங்க தோளுதான் கெட்டுப்போச்சு."

"தோளு என்னோடது."

"ஆமா, ராத்திரி அதைத் தேய்க்கற கை மட்டும் என்னோடது!"

அதற்கு அண்ணன் சிரித்தார். "ஏ புள்ள, நான் திறக்க மாட்டேன். சொல்லிட்டேன். கட்டிலுக்கு அடியில வை. நான் செத்தா அப்புறம் வித்துக்க."

ஆளுக்குக் கோபம் வந்தால் வாயில் எது வரும் என்று கணக்கில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. அதற்கப்புறம் மதினி ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சாக்கில் அதைச் சொல்லிக் குத்தாமல் விட்டதில்லை. எங்கள் பக்கம் தேநீருக்கு உப்புதான்; அது கூடிவிட்டது என்று அவர் சொன்னால், "பெட்டியத் திறக்காத ஆளுக்கு உப்புதான் கேடு," என்பாள்.

அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்த மறுநாள் அது நடந்தது. காலையில் நான் பால் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் அடுப்போரம் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். நல்ல குஷி.

"யாஞ்மா, இன்னைக்கு இவ என்னைத் திட்டறதுக்கு ஒரு விஷயம் குறையப்போவுது."

"என்ன விஷயம்?" என்றேன்.

"சாயங்காலம் சொல்றேன்."

"இப்படியே பேசிட்டுத் திரியட்டும்," என்றாள் மதினி, சாண வறட்டியை அடுப்பில் போட்டபடி. "திட்டறதுக்கு எனக்கு நூறு இருக்கு. ஒண்ணு குறைஞ்சா என்ன?"

பதினோரு மணி இருக்கும். பள்ளிக்கூட வாத்தியாரின் வண்டி பட்டறையில் நின்றது. துருவேறி இறுகிய பேரிங். 'படீர்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வழக்கமாக ஒரு சத்தம் கேட்டால் அடுத்து அவர் வைகிறது கேட்கும். அது கேட்காததால்தான் நான் எழுந்து ஓடினேன். கம்பி இழுவையில் அறுந்து, தட்டு தெறித்து நெஞ்சில் அடித்திருந்தது. டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா வந்தபோது பார்க்க ஒன்றுமில்லை.

போலீஸ்காரர் உடைந்த துண்டுகளைத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார். மதினி அந்தப் பையைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். மேய்ச்சலிலிருந்து வந்து தங்கியிருந்த அண்ணனின் தம்பி தோர்லிக்கிடம், "கணவாயில ஓவோவுல கொண்டுபோய் வெச்சிடு," என்றாள். கணவாய் உச்சியில் கல் குவித்து நீலத்துணி கட்டிய இடம் அது. ஓடிக் களைத்த வண்டிகளின் ஸ்டீயரிங், பழைய ஊன்றுகோல் எல்லாம் அங்கே வைப்பார்கள். வைத்ததை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அது கெட்டது ஒன்றைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் என்பார்கள்.

அதற்குப் பிறகு மதினி பட்டறையைப் பூட்டினாள். சுவரில் தொங்கும் வளையங்களைத் தொடக் கூடாது என்று தோர்லிக்குக் கட்டளை. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் கழிந்ததும் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னாள்.

"அண்ணன் முப்பது வருஷம் செஞ்சது, மதினி," என்றான் தோர்லிக்.

"செஞ்சதுதான் அவரைக் கொன்னுச்சு. நான் வாங்கிக் குடுத்தேன், திறந்துகூடப் பாக்கல. பொண்டாட்டி பேச்சைக் கேட்டா கௌரவம் போயிடும்னு செத்தாரு. அது வீட்டுல எதுக்கு இருக்கணும்?"

செத்தவர்மேல் இத்தனை கோபம் கூடாது என்று நான் சொல்லவில்லை. கோபம் இருந்தவரை அவள் எழுந்தாள், சமைத்தாள், ஆடு கட்டினாள். அது போனால் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் பகலில் ஒரு கார் ஊளையிட்டுக்கொண்டே வந்து பட்டறை வாசலில் நின்றது. பக்கத்து ஊர்க்காரன், கல்சான் என்று பேர். பின் சீட்டில் அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மாகாண ஆஸ்பத்திரிக்கு இன்னும் நூற்று நாற்பது கிலோமீட்டர். எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் காலையிலேயே ஒரு பிரசவத்தை ஏற்றிக்கொண்டு டாக்டரம்மாவோடு போய்விட்டது. குளிர் மைனஸ் இருபத்தெட்டு.

"பேரிங் கையில இருக்குக்கா," என்றான் கல்சான். டாஷ்போர்டுக்குள்ளிருந்து புத்தம் புது பேரிங்கை எடுத்துக் காட்டினான். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் எல்லோரும் பேரிங் வைத்திருப்பார்கள், மாட்டச் சாமான் இருக்காது. "சோய்ஜில் அண்ணன் இல்லையா?"

தோர்லிக் பூட்டிய பட்டறைக் கதவைப் பார்த்தான். அவனுக்கே புரிந்து தொப்பியைக் கழற்றினான்.

மதினி காருக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் நெற்றியில் கை வைத்தாள். "யாஞ்மா, இவள உள்ள கூட்டிட்டுப் போய் அடுப்புப் பக்கம் படுக்க வை," என்றாள். பட்டறைப் பூட்டைத் திறந்தாள்.

நான் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, தோர்லிக் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பேரிங் உட்காரும் இரும்பைப் பட்டறை அடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். புது பேரிங் வெளியே பனியில் கிடந்தது. சூட்டில் குழி விரியும், குளிரில் பேரிங் சுருங்கும். அண்ணன் செய்கிற முறை.

"அண்ணன் வளையத்துல சரியா இந்த அளவு இருக்கு, மதினி."

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன். பெட்டி இருக்கு."

வீட்டுக்குள் போய் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, அதே மாதிரி மார்போடு அணைத்துக் கொண்டுவந்து பட்டறைத் தரையில் வைத்தாள். மேலே தூசி கனமாக இருந்தது. கொக்கியில் மட்டும் தூசி இல்லை. அதை நான் பார்த்தேன். என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

திறந்தாள். இருபத்தொரு வளையமும் நம்பரோடு அதனதன் குழியில் இருந்தன. நடுவில் நீளமான குழி, கம்பிக்கு உரியது. அதில் அண்ணனின் பழைய சட்டைக் கை ஒன்று, எண்ணெய் ஊறி, எதையோ சுற்றியிருந்தது.

மதினி பிரித்தாள். உள்ளே இருந்தது அந்தக் கடைசல் மிஷின் கம்பி, பித்தளை நட்டோடு. முழுசாக. ஒரு கீறல் இல்லை.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தோர்லிக்தான் முதலில் பேசினான். "அப்போ அன்னைக்கு உடைஞ்சது..."

கோபமாகச் சண்டை போட்டவர், திறக்கவே மாட்டேன் என்று சபதம் போட்டவர், அவளுக்குத் தெரியாமல் பெட்டியைத் திறந்து, அவள் வாங்கிய கம்பியையும் நட்டையும் எடுத்துத் தன் சாமானில் மாட்டியிருக்கிறார். மரை நைசாக இருக்கிறது, தோளுக்குச் சுகம் என்று நினைத்திருப்பார். தன் பழைய கம்பியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, இங்கே படுக்கவைத்திருக்கிறார். சாயங்காலம் சொல்வதாக இருந்தது இதைத்தான்.

மதினி கம்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கல்சானுக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டு, "என்னக்கா, எதுவும் சாமான் குறையுதா?" என்றான்.

"குறையல," என்றாள் மதினி. எழுந்தாள். "தோர்லிக், இதை மாட்டு. சுவத்துல இருந்து அவரு வளையத்த எடு."

"மதினி..."

"எடுன்னா எடு. அந்தப் பிள்ள உள்ள துடிச்சிட்டுக் கெடக்கா."

தோர்லிக் பட்டறையில் மிச்சமிருந்த தட்டுகளை எடுத்து மாட்டினான். மதினி விலகி நிற்கவில்லை. சாமானின் நேர் எதிரில் நின்று, ஸ்பானருக்கு மேல் குழாய் மாட்டி, தானும் கை போட்டு இழுத்தாள். கம்பி முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணைத் திறந்தால், பழைய பேரிங் நகர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. கம்பி அப்படியே இருந்தது.

பனியில் கிடந்த புதுசை எடுத்து வந்து, கறுப்புப் பக்கம் உள்ளே பார்க்க வைத்து, அதே கம்பியால் இழுத்து உட்காரவைத்தார்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியபோது சத்தமே இல்லை. அந்தப் பெண்ணைத் தூக்கிக் காரில் படுக்கவைத்தோம். மதினி கிண்ணத்தில் பால் எடுத்து வந்து, பயணம் நல்லபடி முடியட்டும் என்று கார் போன தடத்தில் தெளித்தாள். கார் கண்ணுக்கு மறையும்வரை தெளித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, "யாஞ்மா, என்கூட வா," என்றாள்.

"எங்க?"

"கணவாய்க்கு."

"மதினி, வெச்சத எடுக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். நீ எடுக்க வேணாம். நின்னுட்டு இரு."

தோர்லிக் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனான். மேலே காற்று முகத்தை அறுத்தது. மதினி ஓவோவை மூன்று சுற்று சுற்றினாள். மூன்று கல் வைத்தாள். பிறகு கல்லுக்கு இடையில் கையை விட்டுத் துணிப்பையை எடுத்தாள். முட்டி போட்டு அங்கேயே பிரித்தாள். கம்பி இரண்டு துண்டாக இருந்தது. நைஸ் மரை. கறை படாத இடத்தில் முலாம் இன்னும் பளபளத்தது. உடைந்த வாய் மட்டும் கல் உப்பு மாதிரி பொரபொரவென்று இருந்தது. நல்ல இரும்பு இப்படி உடையாது, முதலில் வளையும் என்றான் தோர்லிக்.

"எடுத்த பாவம் என்னோட இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மதினி பையை மடியில் கட்டிக்கொண்டாள்.

எனக்கு வீடு திரும்பும்போது ஒரு யோசனை இருந்தது. இது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். பேசாமல் இருந்துவிட்டால் ஊர் பழைய தீர்ப்பையே பேசிவிட்டு வசந்தம் வருவதற்குள் மறந்துவிடும். செத்தவருக்கு ஊர்ப் பேச்சு வலிக்காது, இருக்கிறவளுக்கு வலிக்கும். தோர்லிக்கிடம் ஜாடையாகச் சொன்னேன். அவனும் தலையை ஆட்டினான்.

நாற்பத்தொன்பதாம் நாள் வீட்டில் கூட்டம். லாமா வாசித்து முடித்துவிட்டுப் போயிருந்தார். ஆவியில் வேகவைத்த இறைச்சிக் கொழுக்கட்டை தட்டு தட்டாக வந்தது. ஜம்பா ஏழாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமான பாட்டை ஆரம்பித்தார்.

"நல்ல மனுஷன். ஆனா பிடிவாதம். சொந்தக் கைவேலைன்னு ஒரு திமிரு இருந்துச்சு பாரு, அதுதான்..."

மதினி தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள். பெட்டிமேல் வைத்திருந்த சட்டைக் கையைப் பிரித்துக் கம்பியை எடுத்தாள். பக்கத்தில் இரண்டு துண்டையும் வைத்தாள். ஜம்பாவின் தட்டுக்கு நேர் முன்னால்.

"ஜம்பா அண்ணே, பாருங்க. இது அவரு வெச்சிருந்தது. பண்ணை மிஷின் கம்பி, இங்க இருக்கற பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். போன வாரம் இதுலதான் ஒரு வண்டிக்குப் பேரிங் மாத்துனோம். உடையல."

"அப்ப இது?" என்றார் ஜம்பா.

"இது பெட்டியில வந்தது. நான் வாங்குனது. நான் திட்டித் திட்டி, அவரு இதை மாட்டினாரு. அவரு செஞ்சது எதுவும் உடையல. இனிமே யாரும் அப்படிச் சொல்லக் கூடாது."

யாரோ ஒரு கிழவர் கையை நீட்டி அந்தப் பழைய கம்பியை வாங்கி நிமிர்த்திப் பிடித்தார். பித்தளை நட்டு தானாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக அடிவரை இறங்கியது. கிழவர் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஜம்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரை அவ்வளவு நேரம் பேசாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

"உன் தப்பில்ல துல்மா" என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அவள் செய்ததன் மரியாதை குறைந்துவிடும்போல் இருந்தது, இப்போது நினைத்தால் சொல்லியிருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு நானும் அவளும் தட்டு கழுவினோம். பட்டறையில் தோர்லிக் விளக்கைப் போட்டு வளையங்களை எண்ணெய் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் இங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். பெட்டியைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். வேண்டாம், கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும் என்றாள்.

கடைசித் தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாஞ்மா, அன்னைக்கு ஆபீசுல அந்தப் பெட்டிய என் கையில குடுத்தியே. வாங்கிட்டு நான் ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல மதினி," என்றேன். "எத்தனையோ பார்சல் வருது. யாருக்கு ஞாபகம் இருக்கு."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பில் ஒரு வறட்டியைப் போட்டுவிட்டு, "எனக்கு இருக்கு," என்றாள்.